தண்ணி கடிக்குது

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் மீன்கள். கோமாளி மீன் ஜோடி கடல்சாமந்திக்குள் குடியேறிய கதை, மஞ்சள் டேங் மீன் பாசியை மேய்கிற அழகு, சென்னைக் கொளத்தூர் மீன் கடைத்தெருவில் பேரம் பேசித் தோற்றது எல்லாம் ரசித்துப் படித்தேன். கடைசிக் கால் பக்கத்தில், இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதியது போல இரண்டு செய்தி. விரலில் கத்தி வெட்டியிருந்த அன்று தொட்டிக்குள் கை விட்டபோது காயத்தில் ஊசி குத்தினாற்போல் சுருக்கென்றது. நாலு நாள் கழித்து உங்கள் ஆறு வயது மகள் நாற்காலி போட்டு ஏறி, விரலை நனைத்துவிட்டு, "அப்பா, தண்ணி கடிக்குது" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கிம்மர் பற்றியும் உப்பின் அடர்த்தி பற்றியும் நீங்கள் கேட்ட ஒன்பது கேள்விகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைக்கிறேன். இதே மாதிரி 'சுருக்' பற்றி வேறு சிலரும் கேட்டிருப்பதால், உங்களுக்குத் தபாலில் அனுப்பிய பதிலையே இங்கே அச்சுக்கும் கொடுத்திருக்கிறேன்.

மேலே படிக்கும் முன் ஒரு வேலை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டி விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றால், போதாது. நம் வீட்டு சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டும். வயரிங் செய்தவர் அவசரத்தில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்சில் விட்டிருந்தால், அணைத்த விளக்குக்குள்ளும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். பிளக் வெளியே வந்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பம்பு ஓடட்டும். விளக்கு இரண்டு நாள் எரியாவிட்டால் மீன் சாகாது.

வந்துவிட்டீர்களா? சரி.

விளக்கின் மேல் ஏன் சந்தேகப்பட்டேன் என்று சொல்கிறேன். துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறு முனையை சுவர் பிளக்கின் எர்த் துளையிலும் வைத்துப் பார்த்தபோது 42 வோல்ட் காட்டியது என்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு விளக்கு தானாக அணைந்ததும் அது 9 ஆகிவிட்டது. அப்படியென்றால் பெரும்பகுதி விளக்கின் வழியாக வருகிறது. இரண்டாம் பக்கத்தில், வேறு ஏதோ பேச்சில், புதிதாக வாங்கிய டைமரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். இரண்டு முள் டைமர். விளக்கின் மூன்று முள் பிளக் அதில் நுழையாததால், பத்து ரூபாய் அடாப்டர் ஒன்றை நடுவில் மாட்டினீர்கள். அந்த அடாப்டர்தான் ஆசாமி. மூன்று முள்ளில் தடித்து நீண்டிருக்கிற மேல் முள்தான் எர்த். உள்ளே போகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். உங்கள் அடாப்டரில் அது வெறும் பிளாஸ்டிக் பொந்துக்குள் போய் நிற்கிறது.

எர்த் போனால் எல்.இ.டி. விளக்கின் அலுமினிய உடம்பில் என்ன நடக்கும்? லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு உலோக மூடியை விரலால் வருடினால் சுர்ரென்று ஒரு நடுக்கம் தெரியுமே, அதேதான். இந்த விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் வைப்பது வழக்கம். ஒன்று ஃபேஸிலிருந்து உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால், அந்த வழியாக வரும் துளி மின்னோட்டம் பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்துவிட்டால் விளக்கின் உடம்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஊஞ்சலில் தொங்கும். 230-இல் பாதி, 115 வோல்ட். அதன் பின்னால் இருக்கிற மின்னோட்டம் மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்குதான். ஆளைக் கொல்லாது. வறண்ட தோலில் அந்த நடுக்கத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் தோலின் மேலடுக்குதான் மின்சாரத்துக்கு எதிராக நமக்கு இருக்கிற மதில். கத்தி வெட்டு அதில் ஒரு ஓட்டை. ஆறு வயதுக் குழந்தையின் மதிலோ மெல்லியது.

'விளக்கு தண்ணீருக்கு அரை அடி மேலே தொங்குகிறது, தண்ணீரைத் தொடவே இல்லையே' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தொடுகிறது. உப்பு தொட வைக்கிறது.

மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே அடியில் நீர் விட்டிருக்கும். உப்பு கசிந்திருக்கிறது என்பார் அம்மா. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர ஊர்களில் காற்று அந்த அளவுக்குக் காய்கிற நாள் அரிது. தொட்டியில் குமிழி வெடிக்கும்போது தெறிக்கிற நுண்துளிகள் விளக்கின் விளிம்பிலும், தாங்கிக் கம்பியிலும், ஒயரிலும் படிந்து காய்கின்றன. காய்ந்த உப்பு அடுத்த துளியை உறிஞ்சிக் கொஞ்சம் நகர்கிறது. இப்படி வெள்ளைப் பூ மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போகும். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற எவர் வீட்டிலும் அந்த வெள்ளைக் கோடு உண்டு. நாம் அதை அழுக்கு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறோம். மின்சாரத்துக்கு அது ஈரக் கம்பி. உப்பு கசிந்த இடமெல்லாம் மின்சாரமும் கசியும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிறோம், ஆனால் சேர்த்து யோசிப்பதில்லை.

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதும் சாதாரணமாக அல்ல. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்த நீர், நல்ல குடிநீரைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு கடத்தும். ஆகவே ஒரு மூலையில் கசிந்தாலும் தொட்டி முழுவதும் ஒரே வோல்ட்டில் நிற்கும். இந்தப் பக்கம் பாதுகாப்பு, அந்தப் பக்கம் ஆபத்து என்பது அங்கே கிடையாது.

இனி உங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனைகள்.

முதலாவது, எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைத் தண்ணீரில் நனைத்து, "லைட் எரியல சார், கரண்டே இல்ல" என்றது. அவர் மேல் தப்பில்லை, டெஸ்டருக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்குள் இருக்கிற நியான் குமிழ் பற்றுவதற்கே அறுபது எழுபது வோல்ட்டாவது வேண்டும். 42 வோல்ட்டில் அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்னொரு பக்கத்திலும் அது பொய் சொல்லும். சில மைக்ரோ ஆம்பியர் கிடைத்தாலே எரிந்துவிடுவதால், ஒன்றும் செய்யாத வெற்று வோல்டேஜையும் பேய் பிசாசு மாதிரிக் காட்டும்.

மல்டிமீட்டரும் ஓரளவு அப்படித்தான். அதன் உள்தடை ஒரு கோடி ஓம். தண்ணீருக்குள் ஓடுகிற ஒவ்வொரு பம்பின் சுருளும், அதன் மேல் பூசிய பிசினும், வெளியே இருக்கிற உப்புநீரும் சேர்ந்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டர். ஆகவே எந்தப் பழுதும் இல்லாத தொட்டியில்கூட மீட்டர் பத்து, இருபது வோல்ட் காட்டலாம். உங்கள் தொட்டியில் விளக்கு அணைந்த பிறகு மிஞ்சிய 9 வோல்ட் அந்த ரகமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வோல்ட்டை மட்டும் பார்த்து நிஜக் கசிவையும் பேய்க் கசிவையும் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. விவரமான எலெக்ட்ரீஷியனை வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கடுகு சைஸ் அல்ல, பத்து வாட் தாங்குகிற வெள்ளைச் செராமிக் கட்டி. வோல்ட் உடனே சரிந்து ஒன்றுக்குக் கீழே போய்விட்டால், ஓடுவது 0.1 மில்லியாம்பியருக்கும் குறைவு. அது பேய். ரெசிஸ்டர் போட்ட பிறகும் முப்பதிலேயே நின்றால் 3 மில்லியாம்பியர் நிஜமாக ஓடுகிறது, எங்கோ காப்பு கிழிந்திருக்கிறது. அப்போது பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் முனையைத் தொட்டியில் தொங்கவிட்டே பாருங்கள், கையால் பிடித்துக்கொண்டு அல்ல.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் இந்த இடத்தில் முதல் குற்றவாளி ஹீட்டர்தான். கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டு உள்ளே உப்புநீர் இறங்கிவிடும். சென்னையில் தண்ணீரைச் சுட வைக்க யாருக்கும் ஹீட்டர் தேவையில்லை. இங்கே குற்றவாளிகள் வேறு: சில்லர், தண்ணீர் மேல் காற்றடிக்கிற விசிறி, விளக்கு. இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்கப் புத்தகங்கள் 120 வோல்ட்டுக்கு எழுதியவை. அவர்கள் 'லேசான அதிர்ச்சி' என்று எழுதினால் நாம் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆலோசனை, அதே எலெக்ட்ரீஷியன் போகும்போது சொன்னது: "எர்த் வீக்கா இருக்கு சார், போர்டுக்குள்ள நியூட்ரலோட ஒரு லூப் போட்டுட்டா சரியாயிடும்." இதை மட்டும் செய்யவே விடாதீர்கள். அவசரத்துக்கு இப்படிச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீட்டர் உடனே பூஜ்யம் காட்டும், ஊசி குத்தாது, எல்லோருக்கும் திருப்தி. என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அதாவது மீட்டர் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் போதும், வீட்டில் ஓடுகிற விளக்கு, விசிறி வழியாக ஃபேஸ் திரும்பி வந்து அந்த 'எர்த்' முழுவதும் ஏறிவிடும். ஃப்ரிட்ஜின் கதவு, வாஷிங் மெஷின், தொட்டி விளக்கு, அத்தனை உடம்பிலும் 230 வோல்ட். பழுதே இல்லாத சாதனங்கள் ஆளை அடிக்கும்.

மூன்றாவது, கடைக்காரர் விற்க வந்த டைட்டானியக் குச்சி. தண்ணீரில் ஒரு முனை, எர்த்தில் ஒரு முனை. டைட்டானியம் உப்புநீரில் துருப்பிடிக்காது, அதனால் அந்த உலோகம். மீன் வளர்ப்பவர்கள் நடுவே இதைப் பற்றி முடிவில்லாத சண்டை உண்டு. நான் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிறேன். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில், எர்த் நிஜமென்று தெரிந்த பிறகு, நல்ல பொருள். அவை இல்லாத வீட்டில் வேண்டவே வேண்டாம். எர்த்தோடு கட்டிய தண்ணீர், நீங்கள் கையை விட்டிருக்கும் ஒரு பெரிய எர்த் குழி. ஒரு கை தண்ணீரில், மற்றொரு கையால் காப்பு கிழிந்த விளக்கைத் தொட்டீர்கள் என்றால் 230 வோல்ட்டும் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக, மறு கையில் இறங்கும். குச்சி இல்லாத தொட்டியில் சுருக்கென்று குத்தி எச்சரித்திருக்கும். குச்சி அந்த எச்சரிக்கையின் வாயையும் அடைத்துவிடும், பாதையையும் அகலமாக்கிவிடும். அந்த எலெக்ட்ரீஷியன் சொன்ன நியூட்ரல் லூப் போட்ட எர்த்தில் இந்தக் குச்சியை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவர் பார்ப்பது தொட்டியை மட்டும். கேட்க வேண்டியது ஆர்.சி.சி.பி. உட்கார்ந்திருக்கும் டி.பி. பெட்டியை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, ஏனென்றால் அப்போது நான் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மின் ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் நாலடித் தொட்டி, மேலே டி5 டியூப் லைட்டுகள். ஐப்பசி மழையில் ஆர்.சி.சி.பி. இரவில் இரண்டு முறை விழுந்தது. மீன் செத்துவிடும் என்ற பயத்தில், பகலில் நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதை பைபாஸ் செய்தேன். 'மழை விட்டதும் மாற்றிவிடலாம்.' மழை விட்டு ஆறு மாதம் ஆகியும் மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூப்பை மாற்றுவதற்காக ஸ்டூலில் ஏறி, இடது கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் டியூப்பின் நுனித் தொப்பியைத் தொட்டேன். உள்ளே பச்சை பூத்து உப்பு இறங்கியிருந்தது.

ஷாக் அடித்தால் கை உதறிக்கொள்ளும் என்று நினைப்போம். உதறாது. மடக்குகிற தசைகள் விரிக்கிற தசைகளைவிட வலுவானவை. ஆகவே விரல்கள் தாமே இறுகி, பிடித்ததை இன்னும் இறுகப் பிடிக்கும். கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. ஸ்டூல் வழுக்கியதால் தப்பித்தேன். என் உடம்பின் எடை கையைப் பிய்த்துக்கொண்டு போனது. முழங்கையில் நாலு தையல். விழுந்து கிடந்தபடி மேலே பார்த்தால் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கிறது. எம்.சி.பி. எதுவும் நடக்காதது போல நிற்கிறது.

அது நின்றதில் ஆச்சரியமில்லை. எம்.சி.பி. ஒயரைக் காக்கப் பிறந்தது, ஆளை அல்ல. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது யோசிக்கவே தொடங்கும். மனித உடம்பு வழியாக 1 மில்லியாம்பியர் போனால் லேசாகத் தெரியும். பத்துப் பதினைந்தில் கை விடுபடாது. நூறில் இதயம் தாளம் தப்பித் துடிதுடிக்கத் தொடங்கலாம். நூறு மில்லியாம்பியர் என்பது 16 ஆம்பியரில் நூற்றறுபதில் ஒரு பங்கு. எம்.சி.பி.க்கு அது கொசுக்கடிகூட இல்லை.

அந்தக் 'கை விடுபடாத' அளவைக் கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல். மாணவர்களையும் மற்றத் தன்னார்வலர்களையும் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எப்போது விட முடியாமல் போகிறது என்று குறித்துக்கொண்டார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1961-இல் அவர் மின்கசிவைப் பிடிக்கிற ஒரு கருவியை வடிவமைத்தார். அமெரிக்காவில் 1968-ஆம் வருஷத்து மின் விதித்தொகுப்பு அந்தக் கருவியைக் கேட்டது நீச்சல் குளத்துக்குள் எரிகிற விளக்குகளுக்கு. தண்ணீரும் விளக்கும் சேர்கிற இடம்தான் அவர்களுக்கும் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

நம் வீட்டு ஆர்.சி.சி.பி. அதே குடும்பம். பழைய ஆட்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது செய்வது சலவைக் கணக்கு. இத்தனை உருப்படி போனது, இத்தனை திரும்பி வந்தது. ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று ஒரு சிறு காந்த வளையம் சதா எண்ணிக்கொண்டிருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால், எங்கோ யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று முடிவு செய்து, வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். கசிவு ஐந்து மடங்கானால் 40 மில்லி வினாடி. ஷாக் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும், துள்ளுவீர்கள், திட்டுவீர்கள். திட்ட உயிர் இருக்கும்.

எர்த் ஒன்றே போதாதா? கணக்குப் பாருங்கள். வெயில் காலத்தில் காய்ந்துபோன எர்த் குழியின் தடை 20 ஓம் இருந்தால், விளக்கின் உடம்பில் முழு ஃபேஸ் ஏறினாலும் ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்தால் வருகிற 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை நாள் முழுக்கத் தாங்கும். நீங்கள் வீட்டில் எர்த் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், விளக்கின் உடம்பு உயிரோடு இருக்கும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஜோடி. எர்த் வழி காட்டும், மற்றது கதவைச் சாத்தும்.

உங்கள் ஃபிளாட்டின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஆனால் இன்வெர்ட்டர் போட்டபோது 'எதற்கோ' அதன் ஒயரைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு என்று நான் சொல்கிறேன். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் கரண்ட் லைனின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். சலவைக் கணக்கு எப்படி நேராகும்? ஒரு வழியில் போன உருப்படி இன்னொரு வழியில் வருகிறது. ஆர்.சி.சி.பி. சரியாகவே விழுந்திருக்கிறது. நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டினால் நிற்கும். அரை நாள் வேலை. கணக்கு கேட்கிறவனை வேலையை விட்டு நிறுத்துவது பத்து நிமிஷ வேலை, அதனால் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கதை உங்களுக்குத் தெரிந்துவிட்டதால் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

மீன் செத்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஊருக்குப் போயிருக்கும்போது நடுராத்திரி ஆர்.சி.சி.பி. விழுந்தால், காலையில் ஆக்சிஜன் இல்லாமல் தொட்டியே சுடுகாடாகிவிடும். அதற்குப் பதில், கணக்கனை நீக்குவதல்ல, இரண்டு கணக்கன் வைப்பது. விளக்கு, சில்லர், விசிறி இவற்றுக்கு ஒன்று. தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்குத் தனியாக இன்னொன்று. கசிவது பெரும்பாலும் முதல் கூட்டம்தான், அது விழுந்தாலும் பம்பு ஓடும். கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்குகிற பேட்டரி ஏர் பம்பு கொளத்தூரிலேயே கிடைக்கும். மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள்.

"மீன்கள் மட்டும் எப்படி நன்றாக இருக்கின்றன?" என்று உங்கள் மனைவி கேட்டாராம். நல்ல கேள்வி. மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. வெளியேற வழியில்லாத இடத்தில் மின்சாரம் ஓடாது. தண்ணீர் முழுவதும் 42 வோல்ட்டில் மிதக்கும்போது மீனும் அதோடு மிதக்கிறது. வழி திறப்பது உங்கள் மகளின் விரல்தான். மீனின் ஆரோக்கியத்தை வைத்துத் தண்ணீரை நம்பக் கூடாது. எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. டேங் வகை மீன்களுக்கு முகத்திலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும் நோய்க்குக் கசிவு வோல்டேஜைத்தான் பல வருஷம் பழி சொன்னார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, அட்லாண்டிக் கடல் டேங் மீன்களில் அந்த நோயைத் தொட்டியில் போடும் ஒரு வகைக் கரித்தூளோடு முடிச்சுப் போட்டது. ஆகவே உங்கள் மஞ்சள் மீனின் முகத்தில் குழி விழுந்தால் மீட்டரை மட்டும் எடுக்காதீர்கள், வடிகட்டியில் இருக்கிற கரியையும் பாருங்கள். திருக்கை, சுறா வளர்ப்பவர்கள் கதை தனி. அவற்றின் மூக்கில் இருக்கிற நுண்குழிகள் சென்டிமீட்டருக்குச் சில நானோ வோல்ட் வித்தியாசத்தைக்கூட உணரக்கூடியவை. லொரென்சினி என்ற இத்தாலியர் 1678-இலேயே அந்தக் குழிகளை வர்ணித்துவிட்டார், அவை எதற்கு என்று தெரியாமலே. வீட்டில் சுறா வளர்ப்பவர்களுக்கு என்னிடம் வேறு புத்திமதி இருக்கிறது, அது மின்சாரம் பற்றியதல்ல.

விளக்குக்கு வருவோம். அடாப்டரைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று முள் டைமர் வாங்குங்கள். பிறகு டிரைவர் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். வெளியீடு 24, 36, 48 வோல்ட் டி.சி. என்று இருந்து, தனிமைப்படுத்திய வகை என்றும் போட்டிருந்தால் நல்லது. பல்பு வரைக்கும் போவது கை பட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாத மின்சாரம். 60-ஐத் தாண்டி 90, 105 என்று அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மலிவு டிரைவர்கள் பலவற்றில் மின் வாரியக் கம்பிக்கும் எல்.இ.டி. தகட்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய படலம். ஒரு நாள் உப்பு உள்ளே இறங்கினால் 115 அல்ல, முழு 230 தொட்டியில். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளைப் பற்றி நல்லவேளை கேட்கவில்லை. அவை பற்றவைக்கும்போது அடிக்கிற துடிப்பு சில ஆயிரம் வோல்ட்.

டிரைவர் பெட்டியை விளக்கின் முதுகில் வைக்காமல் சுவரில், தொட்டிக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது தொட்டி ஸ்டாண்டுக்குள், வடிகட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறது என்று புகைப்படத்தில் தெரிகிறது. அங்கேதான் உப்புக் காற்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே எடுத்து, செங்குத்தாகச் சுவரில் திருகுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு ஏறுவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து போகட்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. காசில்லாத வைத்தியம், ஆனால் பாதி வீடுகளில் செய்திருக்க மாட்டார்கள். விளக்கு ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறதா? இரண்டாவதாக ஒரு கம்பி, முதலாவது அறுந்தால் பிடித்துக்கொள்ள.

எர்த்தையும் கொஞ்சம் தேட வேண்டும். உங்கள் அடுக்ககத்தில் எங்கே எர்த் குழி என்று செயலாளரைக் கேளுங்கள். பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தில் புதிதாகப் பதித்த தரைக்கற்களுக்கு அடியில் புதைந்திருக்கும். அந்தக் காலத்து முறைப்படி குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளவும், மின்சாரம் எளிதாக இறங்கவும். கோடையில் அதன் வாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன் வேலையாக இருந்தது. இப்போது வாட்ச்மேனுக்கு அது எங்கே என்றே தெரியாது. தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது மிஞ்சுகிற உப்புநீரை அதில் ஊற்றலாமா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். தடை குறையும்தான், ஆனால் பைப் சீக்கிரம் துருப்பிடித்து இற்றுப்போகும். நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். குழியைக் கண்டுபிடித்ததும் அதன் தடையை அளக்கச் சொல்லி, எத்தனை ஓம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இவ்வளவும் முடியும் வரை, தொட்டிக்குள் கை விடுவதானால் எல்லாப் பிளக்கும் வெளியே. பம்பு உட்பட, ஐந்து நிமிஷம்தானே. ஒரு கை உள்ளே போனால் மறு கை சட்டைப்பைக்குள். வெறுங்காலோடு வேண்டாம், தரையில் சிந்தியதும் உப்புநீர்தான். கத்தி வெட்டு ஆறட்டும். கண்ணாடியில் பாசி கொஞ்சம் கூடுதலாகப் படியும், டேங் சந்தோஷப்படும்.

மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். தண்ணீர் கடிக்கிறது என்று அந்த வீட்டில் முதலில் சரியாகச் சொன்னது அவள்தான். ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்துகிற மாதாந்திர வேலையை, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளிடமே கொடுக்கலாம். அந்த நாற்காலியை மட்டும் இப்போதைக்கு வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்